டயர் ரீட்ரெடிங் பட்டறைகளில் தொழிலாளர் பாதுகாப்பும் நஷ்ட ஈடும்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் நெடுஞ்சாலை வழியே செல்வோர், சாலையோரத்தில் தேய்ந்த டயர்களை ஆளுயரத்திற்கு அடுக்கி வைத்திருக்கும் கொட்டகைகளைக் காணாமல் இருக்க முடியாது. மழையை மட்டும் நம்பி வாழ இயலாத மானாவாரிப் பகுதிகளில் லாரித் தொழில் வேரூன்றியது. அதைப் பின்தொடர்ந்து பாடி கட்டுதல், பட்டை அடித்தல், வெல்டிங், டயர் ரீட்ரெடிங் முதலிய துணைத் தொழில்களும் வளர்ந்தன. இன்று சுற்றுக் கிராமங்களின் இளைஞர்கள் பலருக்கு இவையே சோறு போடுகின்றன.

ரீட்ரெடிங் என்பது தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை ஒட்டும் வேலை. லாரி டயரில் முதலில் தேய்ந்து போவது தரையில் உராயும் மேற்பட்டை மட்டுமே. நூலாலோ எஃகுக் கம்பியாலோ ஆன உட்பகுதி பழுதின்றி இருக்குமானால், அதன்மீது புதிய ரப்பர்ப் பட்டையை ஏற்றி மீண்டும் ஓட்டலாம். புது டயரின் விலையில் ஒரு பங்கே இதற்குச் செலவாகும். சென்னைத் திருவொற்றியூரில் 1946-ஆம் ஆண்டு விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு கூடமாகத் துவங்கிய எம்.ஆர்.எஃப். ஸ்தாபனம், 1952-இல் ட்ரெட் ரப்பர் உற்பத்தியில் இறங்கியது என்பதிலிருந்தே இத்தொழில் நம் நாட்டில் எவ்வளவு காலமாகத் தேவைப்பட்டு வந்துள்ளது என்பது விளங்கும்.

இப்பட்டறைகளில் பல, ஐந்தாறு பேர் வேலை செய்யும் சிறு கூடங்களே. முதலாளியும் தொழிலாளர்களோடு சேர்ந்து டயர் உருட்டுகிறார். “நம்முடையது சின்னப் பட்டறை, சட்டதிட்டங்களெல்லாம் பெரிய ஆலைகளுக்குத்தான்” என்ற எண்ணம் இவர்களிடையே பரவலாக இருந்து வருகிறது. இவ்வெண்ணம் தவறானது, அதைவிட ஆபத்தானதும் ஆகும். பட்டறை சிறிதாயிருப்பதால் விபத்தும் சிறிதாக வந்துவிடாது. பெரிய ஆலையில் ஒரு விபத்து நேர்ந்தால் ஒரு குடும்பம் தவிக்கும். சிறு பட்டறையில் அதே விபத்து நேர்ந்தால் தொழிலாளியின் குடும்பமும் முதலாளியின் குடும்பமும் ஒருங்கே தவிக்க நேரிடும். இதைத் தவிர்ப்பதற்கு உரிய வழிகளை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

வேலையின் படிகளும் அபாயங்களும்

டயர் பட்டறைக்குள் நுழைந்தது முதல் வெளியேறும் வரை, ஒவ்வொரு படியிலும் ஓர் அபாயம் காத்திருக்கிறது. அவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, டயரைத் தூக்குதல். லாரி டயர் ஒன்று ஐம்பது, அறுபது கிலோ எடை உள்ளது. இதனை நாள் முழுவதும் குனிந்து தூக்குவோருக்கு இடுப்பு எலும்பு நாளடைவில் கெட்டுவிடுகிறது. மேலே ஓடும் தண்டவாளமும் சங்கிலிக் கப்பியும் அமைத்துவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

இரண்டாவது, பஃபிங். பழைய பட்டையைச் சுரண்டி எடுப்பதற்காக டயர் யந்திரத்தில் மாட்டப்பட்டுச் சுழல்கிறது. பல் வைத்த உருளை ஒன்று அதன்மீது வேகமாகச் சுற்றி ரப்பரை அரைத்துத் தள்ளுகிறது. தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக் கை, கழுத்துக் கயிறு ஆகியவை இதில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கையுறை பாதுகாப்பு என்று பலர் நினைக்கின்றனர். ஆனால் சுழலும் யந்திரத்தின் அருகில் கையுறையே சிக்கிக்கொண்டு விரலைப் பறித்துவிடக்கூடும். உருளைக்கு இரும்பு மூடி, காலாலோ முழங்காலாலோ தட்டியவுடன் நிற்கும் சுவிட்சு, இறுக்கமான அரைக்கைச் சட்டை ஆகிய மூன்றும் இங்கு அவசியம். எஃகுக் கம்பி டயர்களை அரைக்கும்போது கம்பித் துணுக்குகள் தெறிப்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யந்திரத்தருகே நிற்கலாகாது. இரைச்சலுக்குக் காதடைப்பும், தூளுக்கு மூக்கு மூடியும் வேண்டும்.

அரைத்து விழும் ரப்பர்த் தூளும் அபாயகரமானதே. சூடான துணுக்கு ஒன்று தூள் குவியலில் விழுந்து, மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளேயே கனன்று கொண்டிருக்கும். ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு இரவில் தீப்பற்றுவது இவ்வாறுதான். ஆகவே ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் தூளைக் கூட்டிப் பட்டறைக்கு வெளியே, சுவரிலிருந்து தள்ளிக் கொட்ட வேண்டும்.

மூன்றாவது, சொல்யூஷன் பூசுதல். ரப்பரைப் பெட்ரோல் இனத்தைச் சேர்ந்த திரவத்தில் கரைத்துச் செய்யப்படும் இப்பசையிலிருந்து எழும் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு படர்ந்து சென்று, பத்தடி தள்ளி இருக்கும் அடுப்பையோ பீடி நெருப்பையோ மின்பொறியையோ தொட்டதும் குப்பென்று பற்றிக்கொள்ளும். சொல்யூஷன் டப்பாவை எப்பொழுதும் மூடி வைத்தல், ஒரு நாள் தேவைக்கு மேல் வேலை இடத்தில் வைத்திராமை, தரைமட்டத்தில் காற்றை வெளியேற்றும் மின்விசிறி, யந்திரங்களுக்குச் சரியான எர்த் இணைப்பு, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்புக் கருவி ஆகியன இதற்குப் பரிகாரம். பீடி, சிகரெட்டுக்கு இங்கு இடமே இல்லை. இவ்வாவியை நெடுங்காலம் சுவாசிப்பதும் கேடு. பென்சீன் கலந்த திரவங்களை அறவே தவிர்க்க வேண்டும்.

நான்காவது, சேம்பர். புதுப் பட்டை ஒட்டிய டயர்களை ரப்பர் உறையில் இட்டு, இரும்புச் சேம்பருக்குள் ஏற்றி, 100 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ சூடாக்கி, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 6 கிலோ அழுத்தத்தில் சில மணி நேரம் வேக வைக்கின்றனர். இவ்வழுத்தம் சேம்பரின் கதவை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. கதவின் விட்டம் ஒன்றரை மீட்டர் என்றால் அதன் பரப்பு சுமார் 17,670 சதுர சென்டிமீட்டர். 6 கிலோ வீதம் பெருக்கினால் 106 டன் ஆகிறது! காற்றை வெளியேற்றிய பின் கேஜின் முள் ஏறத்தாழ பூஜ்யத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே பத்தில் ஒரு கிலோ அழுத்தம் மிஞ்சியிருந்தாலும் கதவின்மீது ஒன்றே முக்கால் டன் பலம் இருக்கிறது. அவசரப்பட்டுத் தாழை விடுவிப்பவனைக் கதவு தூக்கி எறிந்துவிடும்.

ஆகவே அழுத்தம் முழுவதும் நீங்கினாலன்றிக் கதவு திறவாதபடி செய்யும் பூட்டு அமைப்பு ஒவ்வொரு சேம்பருக்கும் இருக்க வேண்டும். சேஃப்டி வால்வைக் கம்பியால் கட்டி வைப்பது உயிரோடு விளையாடுவதற்குச் சமம். கதவின் ரப்பர் வளையம், தாழ்கள், வெல்டிங் இணைப்புகள் ஆகியவற்றைக் குறித்த காலத்தில் பார்வையிடுவதோடு, தகுதி பெற்றவரைக் கொண்டு தண்ணீர் நிரப்பிச் செய்யும் அழுத்தப் பரிசோதனையும் நடத்தி, சான்றிதழைப் பட்டறையில் வைத்திருத்தல் வேண்டும். பழைய சேம்பரை மலிவாக வாங்குவோர் இதில் இரட்டிப்புக் கவனம் செலுத்துவது நல்லது.

ஐந்தாவது, காற்று நிரப்புதல். காற்றுக் குறைவாக ஓடிய எஃகுக் கம்பி டயரின் பக்கச் சுவரில் கம்பிகள் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கலாம். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. காற்று ஏறும்போது அச்சுவர் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிழிந்து வெடிக்கும். இதனால் டயரை இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீண்ட குழாயும் தானே பற்றிக்கொள்ளும் கிளிப்பும் கொண்டு, பக்கவாட்டில் விலகி நின்றே காற்று நிரப்ப வேண்டும்.

மேற்கூறியவற்றில் பெரும்பாலானவை அதிகச் செலவில்லாதவை. மூடி, கூண்டு, கண்ணாடி, விசிறி ஆகியவற்றை உள்ளூர் வெல்டரும் கடைக்காரருமே செய்து தந்துவிடுவர். வெளி மாநிலத்திலிருந்து வந்து வேலை செய்வோர் இருந்தால், எச்சரிக்கைகளை இந்தியிலோ ஒடியாவிலோ அவர்கள் அறிந்த மொழியிலும் எழுதி வைப்பதும், முதல் வாரத்தில் பழகிய ஆளுடன் சேர்த்தே வேலை கொடுப்பதும் அவசியம்.

சட்டம் சொல்வது என்ன?

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் விபத்து நேரலாம். அப்போது செலவை ஏற்பவர் யார் என்ற கேள்விக்கு நம் நாட்டில் நூறாண்டுகளுக்கு முன்பே விடை கூறப்பட்டுவிட்டது. 1923-ஆம் ஆண்டில் நிறைவேறி 1924 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் அந்த விடையைத் தந்தது. 2009-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் அது ஊழியர் நஷ்ட ஈட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. பின்னர் அதன் விதிகள் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஏழாம் அத்தியாயமாகச் சேர்க்கப்பட்டன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. பெயர்கள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. வேலையின் காரணமாகவும், வேலையின்போதும் ஏற்பட்ட விபத்துக்கு முதலாளி நஷ்ட ஈடு தர வேண்டும் என்பதே அது.

இங்கு மூன்று விஷயங்களைக் குறிப்பாக மனத்தில் இருத்த வேண்டும். முதலாவதாக, மின்சக்தி கொண்டு உற்பத்தி நடக்கும் இடத்தில் வேலை செய்பவர் ஒருவரே ஆனாலும் அவருக்கு இப்பாதுகாப்பு உண்டு. ஆட்களின் எண்ணிக்கை இங்கு கணக்கில் இல்லை. இரண்டாவதாக, முதலாளியின் மீது குற்றம் இருப்பதாகத் தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. மூன்றாவதாக, தொழிலாளி குடித்திருந்தான், சொல் கேளாமல் மூடியைக் கழற்றினான் என்ற சமாதானங்கள் மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் செல்லாது.

திடீர் விபத்து மட்டுமன்றித் தொழில் நோய்களும் சட்டத்தில் அடங்கும். பென்சீன் முதலிய இரசாயனங்களால் வரும் நோயும், இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையும் அட்டவணையில் உள்ளன. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு உண்டென நிலைநாட்டப்பட்டால், இதில் சேரும்.

ஒரு கணக்கு

சட்டத்தின் சொற்களைவிட ஒரு கணக்கு விஷயத்தை எளிதில் விளக்கும். முப்பது வயதுள்ள ஒரு தொழிலாளி மாதம் 12,000 ரூபாய் கூலி வாங்குகிறார் என்று கொள்வோம். சட்ட அட்டவணையில் முப்பது வயதுக்கு உரிய பெருக்கு எண் 207.98.

அவர் விபத்தில் இறந்தால், மாதக் கூலியில் பாதியான 6,000 ரூபாயை 207.98 ஆல் பெருக்க வேண்டும். குடும்பத்துக்குச் சேர வேண்டியது 12,47,880 ரூபாய். இனி வாழ்நாள் முழுவதும் எவ்வேலையும் செய்ய இயலாத ஊனம் ஏற்பட்டால், கூலியில் நூற்றுக்கு அறுபது வீதம், அதாவது 7,200 ரூபாயைப் பெருக்க வேண்டும். அது 14,97,456 ரூபாய் ஆகிறது. பஃபிங் யந்திரத்தில் ஒரு கட்டைவிரலை இழந்தால், அட்டவணைப்படி உழைப்புச் சக்தியில் நூற்றுக்கு முப்பது பங்கு நஷ்டம். அதற்கு 4,49,237 ரூபாய். தற்காலிகமாக வேலைக்கு வர இயலாத நாட்களுக்கு, மாதக் கூலியில் கால் பங்கு, இங்கு 3,000 ரூபாய், அரை மாதத்துக்கு ஒரு முறை தர வேண்டும். வைத்தியச் செலவு இவற்றுக்கு வேறாக, முதலாளியின் பொறுப்பே.

உரிய தொகையை ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் வட்டி ஏறும். தக்க காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதி வரை அபராதமாக விதிக்கப்படலாம். இரண்டாண்டு இழுத்தடித்தால் மேற்கூறிய கட்டைவிரல் கணக்கு வட்டியோடு மட்டும் ஐந்தரை லட்சத்தைத் தாண்டிவிடும். ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறையின் முதலாளி இதற்குச் சேம்பரை விற்க வேண்டுமா, காட்டை விற்க வேண்டுமா? அவரிடம் விற்க ஒன்றுமில்லையெனில் விரலிழந்த தொழிலாளியின் கையில் வெறும் தீர்ப்புக் காகிதமே மிஞ்சும். இன்ஷ்யூரன்ஸ் தேவைப்படுவது இந்த இடத்திலேதான்.

இ.எஸ்.ஐ.யா, பாலிசியா?

பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் பட்டறைகள் தொழிலாளர் அரசு இன்ஷ்யூரன்ஸ் திட்டத்தில், அதாவது மக்கள் இ.எஸ்.ஐ. என்று வழங்கும் திட்டத்தில் சேர வேண்டும். 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் துவங்கப்பட்டு, 1955-இல் கோயம்புத்தூருக்கு வந்த திட்டம் இது. 2017 ஜனவரியில் நிர்ணயிக்கப்பட்ட வரம்பின்படி மாதம் 21,000 ரூபாய் வரை கூலி பெறுவோர் இதில் சேருவர். 2019 ஜூலையில் குறைக்கப்பட்ட விகிதப்படி முதலாளியின் பங்கு கூலியில் நூற்றுக்கு 3.25, தொழிலாளியின் பங்கு 0.75. நம் உதாரணத் தொழிலாளிக்கு முதலாளி மாதம் 390 ரூபாயும் தொழிலாளி 90 ரூபாயும் செலுத்துவர். இதற்குப் பிரதியாக, குடும்பம் முழுவதற்கும் வைத்தியம் கிடைக்கிறது. வேலை விபத்தால் படுத்திருக்கும் நாட்களில் கூலியில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் கிடைக்கிறது. ஊனத்துக்கும் மரணத்துக்கும் மாதந்தோறும் தொகை வருகிறது. இத்திட்டத்தில் அடங்கிய தொழிலாளியின் வேலை விபத்துக்கு இ.எஸ்.ஐ.யே பொறுப்பேற்கிறது.

பத்துக்குக் குறைந்த ஆட்கள் உள்ள பட்டறைகளும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் இசைந்தால், புதிய சட்டத் தொகுப்பின் கீழ் விரும்பிச் சேரலாம். அவ்வாறு சேராதவர்கள் பொது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளிடம் ஊழியர் நஷ்ட ஈட்டுப் பாலிசி எடுத்துக்கொள்வதே வழி. பிரீமியம், ஆண்டு முழுவதும் தரும் மொத்தக் கூலியையும் தொழிலின் அபாயத்தையும் பொறுத்து அமையும்.

பாலிசி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

பாலிசியில் தொழிலின் பெயர் டயர் ரீட்ரெடிங் என்றே எழுதப்பட வேண்டும். “டயர் கடை” என்று எழுதி மலிவான விகிதத்தில் வாங்கினால் விபத்து நாளில் தகராறு எழும். எல்லா ஆட்களையும், தினக்கூலிகள் உட்பட, உண்மையான கூலியோடு குறிப்பிட வேண்டும். ஆறு பேர் இருக்க நான்கு பேரைக் காட்டுவது, 12,000 ரூபாயை 7,000 என்று காட்டுவது ஆகியன பிரீமியத்தில் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தி, நஷ்ட ஈட்டில் சில லட்சங்களைப் போக்கடிக்கும் வழிகள். மேஸ்திரி மூலம் வரும் ஒப்பந்த ஆட்களுக்கும் பட்டறை முதலாளி பொறுப்பாளியாவதால் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வைத்தியச் செலவும் தொழில் நோயும் பாலிசியில் அடங்குகின்றனவா என்று கேட்டு, இல்லையெனில் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்ப்பது நல்லது. தாமதத்துக்காக விதிக்கும் அபராதத்தை இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி ஏற்காது. அது முதலாளியின் தலையிலேயே விழும்.

இன்னொன்று. கூலி வாங்காமல் தாமே உழைக்கும் முதலாளியை இந்தப் பாலிசி காக்காது. அவர் தமக்கெனத் தனி விபத்துப் பாலிசி எடுத்துக்கொள்ள வேண்டும். வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையினோர், 2015-இல் துவங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில், 2022 ஜூன் முதல் உள்ள விகிதப்படி ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தி, விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய்ப் பாதுகாப்புப் பெறலாம். இது நல்ல துணையேயன்றி, முதலாளி தொழிலாளிக்குச் செய்ய வேண்டிய கடமைக்கு ஈடாகாது.

விபத்து நேர்ந்தால்

முதலில் மெயின் சுவிட்சை அணைத்துக் காயமுற்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். எவ்வாறு நேர்ந்தது, அருகில் இருந்தவர் யார் என்பதை அன்றே எழுதி வைக்க வேண்டும். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மரணமோ கடுமையான காயமோ ஆனால் ஏழு நாட்களுக்குள் உரிய தொழிலாளர் துறை அதிகாரிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.

ஊர்ப் பெரியவர்களை வைத்து, முத்திரைத்தாளில் “இனி எனக்குப் பாத்தியதை இல்லை” என்று எழுதி வாங்கி, இருபதாயிரமோ ஐம்பதாயிரமோ கொடுத்து முடித்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது இருவரையும் ஏமாற்றும் ஏற்பாடு. சட்டப்படி உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. மரணத்துக்கான நஷ்ட ஈட்டைக் குடும்பத்தாரிடம் நேரில் கொடுத்தாலும் அது கொடுத்ததாகக் கருதப்படாது. உரிய அதிகாரியிடமே செலுத்த வேண்டும். அவர் மனைவி, மக்கள், பெற்றோர் முதலியோருக்குப் பிரித்தளிப்பார். நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்த முதலாளி மறுமுறையும் கொடுக்க நேர்வதும், படிப்பறியாத விதவையின் பணம் இடையில் உள்ளோர் கையில் கரைவதும் இவ்வழியில் தடுக்கப்படுகின்றன. தொழிலாளியின் குடும்பம் பீகாரிலோ ஒடிசாவிலோ இருந்தால், தாங்கள் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்யவும் சட்டம் இடம் தருகிறது.

முடிவுரை

பாலிசி இருக்கிறது என்பதற்காக யந்திரத்தின் மூடியைக் கழற்றி வைப்பதும், மூடி இருக்கிறது என்பதற்காகப் பாலிசியைத் தள்ளிப்போடுவதும் சமமான தவறுகளே. பணம் கட்டைவிரலைத் திரும்பத் தராது. மூடி மட்டும் இருந்தால், எதிர்பாராத விபத்து நேர்ந்த அன்று குழந்தைகளுக்குச் சோறு கிடைக்காது. இரண்டும் சேர்ந்தே பாதுகாப்பு.

ஒரே ஊரில் உள்ள பட்டறை முதலாளிகள் ஒன்றுகூடி, சேம்பர் பரிசோதனைக்குத் தகுதி பெற்றவரை ஒரே நாளில் வரவழைக்கலாம். செலவு குறையும். தொழிலாளர்களும் தங்கள் பெயர் பாலிசியிலோ இ.எஸ்.ஐ.யிலோ இருக்கிறதா, கூலி சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டறியத் தயங்க வேண்டியதில்லை. கேட்பது உரிமை, அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. ஊராட்சிகளும் சுய உதவிக் குழுக்களும் இவ்விஷயத்தைத் தங்கள் கூட்டங்களில் எடுத்துரைத்தால், காலையில் பட்டறைக்குச் சென்றவர் மாலையில் இரு கைகளோடும் வீடு திரும்புவார் என்ற நம்பிக்கை நம் கிராமங்களில் நிலைபெறும் என்பதில் ஐயமில்லை.